முழங்காலை ஊன்றி இழுத்துக் கட்டுங்கள்

(தவக்காலத்தின் முதல் ஞாயிறு – வானொலி மறையுரை)



இன்றைய நற்செய்தியில் அலகை ஆண்டவரை எருசலேம் கோவிலின் உச்சிக்குக் கூட்டிச் செல்கிறது. அங்கிருந்து குதிக்கச் சொல்கிறது. வானதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று திருப்பாடலையே சாட்சிக்கு இழுக்கிறது. ஆண்டவர் குதிக்கவில்லை. கடவுளைச் சோதிக்கக் கூடாது என்று மறுத்துவிடுகிறார். எத்தனையோ முறை கேட்ட பகுதிதான். நமக்கும் அந்த உச்சிக்கும் தொடர்பில்லை என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறோம். கோபுரத்திலிருந்து குதிக்கும் ஆசை நம்மில் யாருக்கு இருக்கிறது?

ஆனால் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு காரின் முன் சீட்டில் ஏறும்போது, "மாதா பார்த்துக்குவா" என்று நம் வீடுகளில் ஒரு வார்த்தை சொல்கிறோம். அந்த வார்த்தையை இன்று கொஞ்சம் நின்று கேட்போம்.

சென்ற ஆண்டு எங்கள் பங்கில் ஒரு இளம் தம்பதி தங்கள் முதல் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்தார்கள். அன்றைக்கே புதிதாக வாங்கிய காரையும் மந்திரிக்கக் கொண்டுவந்திருந்தார்கள். நம் ஊர் வழக்கப்படி பூ மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் (இது எங்கிருந்து வந்தது என்று யாரும் எங்களைக் கேட்க வேண்டாம்), கண்ணாடியில் ஜெபமாலை எல்லாம் இருந்தன. பின் சீட்டில் ஒரு பேபி சீட்டும் இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் அத்தை, ஊருக்கு வந்தபோது பெட்டியோடு பெட்டியாகக் கொண்டுவந்தது. "சாமி, இதையும் சேர்த்து மந்திரிச்சிடுங்க" என்றார் பாட்டி, பெருமையோடு. உபதேசியார் தீர்த்தச் செம்பைப் பிடிக்க, நாங்கள் கதவைத் திறந்து உள்ளேயும் தீர்த்தம் தெளித்தோம். அந்த இருக்கையின் மேலும் தெளித்தோம். அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு கை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஆகஸ்டு 29 வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு அந்தக் குடும்பம் அதே காரில் புறப்பட்டது. அந்த நாட்களில் தஞ்சாவூர், நாகப்பட்டினம் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காவி உடுத்திய நடைபயணக் கூட்டங்கள், அவர்கள் இழுத்துவரும் சிறு தேர்கள், தண்ணீர்ப் பந்தல்கள். இருட்டும் நேரத்தில் ஒரு கூட்டம் சாலையைக் கடக்க, தகப்பன் பிரேக்கை அழுத்தினார். கார் நின்றுவிட்டது. யார் மேலும் மோதவில்லை. ஆனால் பின்னால் இருந்த அந்த இருக்கை முன்னே சரிந்து, பக்கவாட்டில் சாய்ந்து, குழந்தையின் நெற்றி கதவில் அடித்தது. புருவத்துக்கு மேலே மூன்று தையல். கடவுளுக்கு நன்றி, அதோடு போயிற்று.

செய்தி கேட்டு மறுநாள் நாங்கள் போய்ப் பார்த்தபோது, அந்தத் தகப்பன் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "சீட்லதான் சாமி வச்சிருந்தோம். பெல்ட்டும் போட்டிருந்தோம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. சீட் இருந்தது. பெல்ட் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பங்கில் துபாயில் 15 ஆண்டுகள் ஓட்டுநராக இருந்துவிட்டு வந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். அந்த நாட்டில் நான்கு வயது வரை குழந்தையை அதற்குரிய இருக்கையில்தான் உட்கார வைக்க வேண்டும் என்று 2017 முதல் சட்டம். முதலாளி வீட்டுப் பிள்ளைகளை நாள்தோறும் கட்டி அவிழ்த்த கை அவருடையது. அவரை அழைத்துக் காட்டினோம். அவர் இருக்கையை ஒரு விரலால் தள்ளினார். அது ஆடியது. பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்து எடுத்து, முதலிலிருந்து தொடங்கினார். அன்று அவர் செய்ததைச் சொல்லில் கொண்டுவருகிறோம். வண்டி உள்ளவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இருக்கையைப் பின்பக்கம் பார்த்தபடி திருப்பினார். பாட்டிக்கு மனம் ஒப்பவில்லை. "பிள்ளை ரோட்டைப் பார்க்க வேண்டாமா?" என்றார். கைக்குழந்தையின் தலை, அதன் உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. அந்தக் கனத்தைத் தாங்கும் கழுத்தோ இன்னும் முற்றாத தண்டு. வண்டி திடீரென்று நிற்கும்போது முன்னே பார்த்து உட்கார்ந்த குழந்தையின் தலை, கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். பின்னே பார்த்து இருந்தால், தலை, கழுத்து, முதுகு மூன்றையும் இருக்கையின் முதுகுப்பகுதி ஒரு உள்ளங்கையைப் போல ஏந்திக்கொள்ளும். அந்த இருக்கைக்குக் குறித்த எடையும் உயரமும் தாண்டும் வரை அப்படியே வைத்திருப்பது நல்லது. ரோட்டைப் பார்க்க ஆயுசு முழுக்க நேரம் இருக்கிறது.

இரண்டாவது, பெல்ட் போகும் வழி. அந்த வீட்டார் பெல்ட்டைக் கண்ணில் பட்ட துவாரத்தில் விட்டிருந்தார்கள். ஒவ்வொரு இருக்கையிலும் அதற்கென்று குறித்த பாதை உண்டு. பின்பக்கம் பார்த்து வைப்பதற்கு ஒரு பாதை, முன்பக்கம் பார்த்து வைப்பதற்கு வேறொன்று. ஐரோப்பிய முறைப்படி செய்தவற்றில் முதலாவதற்கு நீல நிறமும் இரண்டாவதற்குச் சிவப்பு நிறமும் குறித்திருக்கும். பெல்ட் முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாகப் போக வேண்டும். முறுக்கிய பெல்ட் கயிறாகிவிடுகிறது.

மூன்றாவதுதான் எங்கள் எல்லோருக்கும் புதிது. கார் பெல்ட்டை மெதுவாக இழுத்தால் வரும், வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்ளும். நாம் குனிந்து நிமிர வசதியாக அப்படிச் செய்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு அது போதும். இருக்கைக்குப் போதாது. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கக் குலுங்க, பெல்ட் விரற்கடை விரற்கடையாகத் தளர்ந்துகொண்டே போகும். ஆபத்து நேரத்தில் அது பூட்டிக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் அதுவரை சேர்ந்துவிட்ட தளர்வு எவ்வளவோ, அவ்வளவு தூரம் இருக்கை முன்னே பாய்ந்துவிட்டிருக்கும். அமெரிக்கக் கார்களில் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துவிட்டால், திரும்பிப் போகும்போது கடகடவென்று பூட்டிக்கொண்டே போகும் ஒரு ஏற்பாடு பொதுவாக உண்டு. அங்கே விற்கும் இருக்கைகள் அதை நம்பியே செய்யப்படுகின்றன. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் அது கிடையாது. ஆகவே அத்தை அன்போடு சுமந்துவந்த இருக்கை, வந்து சேர்ந்த காரோடு ஒத்துப்போகவில்லை. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் கவ்வி இருக்கையிலேயே இருக்க வேண்டும். அல்லது பக்கிளுக்குப் பக்கத்தில் பெல்ட்டின் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கும் தட்டையான இரும்புக் கிளிப் வேண்டும். அந்தக் கிளிப் இருக்கையின் அடியில் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தை தர மறக்கவில்லை. நாம்தான் பார்க்கவில்லை.

நான்காவதாக அந்த அண்ணன் செய்ததை நாங்கள் மறக்க முடியாது. தன் முழங்காலை அந்த இருக்கைக்குள் ஊன்றினார். உடம்பின் பாரம் முழுவதையும் அதில் இறக்கி, கார் சீட்டின் மெத்தை அமுங்கும் வரை அழுத்தி, இடுப்புப் பகுதிப் பெல்ட்டை ஒரு கையால் இழுத்து, தளர்வைத் தோள் பகுதி வழியாக மேலே ஏற்றினார். முகம் சிவந்துவிட்டது. சட்டை நனைந்துவிட்டது. பிறகு கவ்வியைப் பூட்டிவிட்டு, பெல்ட் நுழையும் இடத்தில் இருக்கையைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டினார். "ஒரு அங்குலத்துக்கு மேல அசையக் கூடாது சாமி. அசைஞ்சா அவிழ்த்துட்டு மறுபடியும் கட்டணும்" என்றார். இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினார். எங்களுக்கு அந்த முழங்காலைப் பார்க்கப் பார்க்க வெட்கமாக இருந்தது. முழந்தாளிடுவது எங்கள் தொழில் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கடைசியாகக் குழந்தை. இருக்கையிலேயே உள்ள தோள் வாரை மாட்டியபின், குழந்தையின் காறை எலும்புக்கு மேலே வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பார்க்க வேண்டும். கிள்ளுக்குள் பட்டை மடிந்து வந்தால் இன்னும் இறுக்க வேண்டும் என்று பொருள்.

புதிய கார்களில் பின் சீட்டின் இடுக்கில் இரும்பு வளையங்கள் இருக்கின்றன. ஐசோஃபிக்ஸ் என்கிறார்கள். அதற்கேற்ற இருக்கையை அதில் மாட்டிவிடலாம், வேலை எளிது. ஆனாலும் ஆட்டிப் பார்க்கிற வேலை அங்கேயும் உண்டு. எந்த இருக்கையானாலும் கூட வரும் கையேட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

இதற்கு மேல் தொழில்நுட்பம் வேண்டாம். மடியைப் பற்றிப் பேசுவோம்.

தாய் மடியை விடப் பாதுகாப்பான இடம் உலகில் இல்லை என்று நம் பாட்டுகள் எல்லாம் சொல்கின்றன. நின்ற இடத்தில் அது உண்மை. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரில் அது உண்மை இல்லை. அந்த வேகத்தில் மோதுவது, ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். அதாவது நம் ஊர்க் கோவில் கோபுரத்தில் மணி தொங்கும் உயரம். அலகை காட்டிய உச்சி நாம் நினைப்பது போல் அவ்வளவு தொலைவில் இல்லை. பத்தில் ஒரு நொடியில் கார் நின்றுவிட்டால், 10 கிலோ எடையுள்ள குழந்தை அந்தக் கணத்தில் ஏறக்குறைய 140 கிலோ கனத்தோடு கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போகும். கிட்டத்தட்ட மூன்று சிமெண்ட் மூட்டை. எந்தத் தாயின் கை அதைத் தாங்கும்? அன்பு குறைவதால் குழந்தை கைநழுவுவதில்லை. கைக்கு அவ்வளவு பலம் கொடுக்கப்படவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்தாலோ, காற்றுப்பை வெடித்து விரியும்போது இடையில் அகப்படுவது குழந்தைதான். வெயில் மறைப்பில் அதைப் பற்றி ஒரு எச்சரிக்கைப் படம் ஒட்டியிருப்பார்கள். அதற்குப் பக்கத்திலேயே நாம் வேளாங்கண்ணி மாதா படத்தை ஒட்டுகிறோம். இனி இரண்டையும் பார்ப்போம்.

இந்த மடி ஆசை நம் நாட்டுக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவில் டென்னசி மாநிலம்தான் குழந்தை இருக்கையை முதன்முதலில் சட்டமாக்கியது, 1978 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் அதற்காகப் பாடுபட்டார். ஆனால் சட்டம் இயற்றியவர்கள் அதில் ஒரு ஓட்டையும் வைத்தார்கள். பெரியவர் கையில் இருக்கும் குழந்தைக்கு விலக்கு. கார் நிற்கும்போது பெரியவரின் உடலும் முன்னே சாயும், இடையில் குழந்தை நசுங்கும் என்று அந்த மருத்துவர் அறிந்திருந்தார். விடாமல் போராடினார். சில ஆண்டுகளில் அந்த விலக்கு நீக்கப்பட்டது. தாய்மடிக்கு எதிராக ஒரு குழந்தை மருத்துவர் வாதாட வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். நாம் இன்று மார்பின் குறுக்கே மாட்டும் மூன்று முனைப் பெல்ட்டை 1959-ல் வோல்வோ நிறுவனத்துக்காக வடிவமைத்தவர் நீல்ஸ் போலின் என்ற சுவீடன் நாட்டுப் பொறியாளர். அந்தக் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் தடையின்றிப் பயன்படுத்த விட்டுவிட்டார்கள். விற்றிருந்தால் எவ்வளவோ பணம் வந்திருக்கும். அந்தப் பெல்ட்டை நாமோ போலீஸ்காரர் நிற்கும் சிக்னல் வந்ததும் தேடுகிறோம்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் செய்த திருத்தத்தின்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் அபராதம். அபராதத்துக்குப் பயந்து செய்தாலும் சரி, செய்யுங்கள். ஆனால் போலீஸ்காரர் வெளியிலிருந்து பார்த்தால் இருக்கை இருக்கிறதா என்பதுதான் தெரியும். அது ஆடுகிறதா என்று அவருக்குத் தெரியாது.

கட்டுவது பற்றி மறைநூலில் நாம் கவனிக்காமல் கடந்துபோகும் ஓர் இடம் இருக்கிறது. குழந்தை மோசேயை ஆற்றில் விடப் போகிறாள் தாய். வேறு வழியில்லை. அவனைக் கடவுளிடம் ஒப்படைக்கிறாள் என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். சரி. ஒப்படைப்பதற்கு முன் அவள் என்ன செய்தாள்? விடுதலைப் பயண நூல் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கோரைப்புல் கூடையைத் தேடி எடுத்து, நிலக்கீலும் பிசினும் பூசினாள் என்று எழுதியிருக்கிறது. ஒரு துளி நீர் உள்ளே புகாதபடி விரலால் தடவித் தடவிப் பூசியிருப்பாள். அதன் பிறகுதான் நாணலுக்கு நடுவே வைக்கிறாள். வைத்தபின்னும் விட்டுவிடவில்லை, அக்காள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தத் தாய் கீல் பூசாமல் கூடையை ஆற்றில் விட்டிருந்தால், அதை நம்பிக்கை என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

புது வீட்டு மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்கச் சொல்லும் சட்டமும் இணைச்சட்ட நூலில் இருக்கிறது. விழுந்தவனின் இரத்தப்பழி வீட்டுக்காரன் மேல் வரும் என்பது அங்கே காரணம். பலிகளையும் திருவிழாக்களையும் பற்றிச் சொல்லும் அதே நூலில், கைப்பிடிச் சுவருக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

இனி உங்கள் கேள்விகள். சில இப்போதே எங்கள் காதில் விழுகின்றன.

"அழுற பிள்ளையக் கட்டிப் போடறதா சாமி?" பாட்டிமார் கேட்பது. அழும். முதல் ஐந்தாறு பயணங்களில் கட்டாயம் அழும். அம்மா, ஆச்சி, உங்கள் மனம் கல் அல்ல என்று தெரியும். வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். எடுத்துப் பால் கொடுங்கள், தோளில் போட்டுத் தட்டுங்கள், வேடிக்கை காட்டுங்கள். புறப்படும்போது மறுபடியும் கட்டுங்கள். வேளாங்கண்ணிக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனால் மாதா கோபிக்க மாட்டாள். ஆனால் ஓடுகிற வண்டியில் மட்டும் அவிழ்த்து எடுக்காதீர்கள்.

"விலை ஆயிரக்கணக்கில் ஆகிறதே?" உண்மை. இதற்கு ஞானத்தாய், ஞானத்தந்தையரிடம் பேச விரும்புகிறோம். திருமுழுக்குக்குத் தங்கச் சங்கிலி போடுகிறீர்கள். அது மறுநாளே பீரோவுக்குள் போய்விடுகிறது. கார் இருக்கும் வீடானால் அந்தப் பணத்தில் ஒரு நல்ல இருக்கை வாங்கிக் கொடுங்கள். யாராவது பயன்படுத்தியதைத் தந்தால் இரண்டு விஷயம் கேளுங்கள்: விபத்தில் சிக்கியதா, அடியில் அச்சிட்டிருக்கும் காலாவதி நாள் தாண்டிவிட்டதா? சிக்கியது வேண்டவே வேண்டாம், வெளியே கீறல் தெரியாவிட்டாலும் சரி. புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் கேட்கும்போது இதையும் கேட்கலாம். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் பெரியவர்களுக்குத் தனியாகவும் குழந்தைகளுக்குத் தனியாகவும் நட்சத்திரம் கொடுக்கிறார்கள்.

"எங்களிடம் கார் இல்லை, பைக்தான்." இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிக்கு மேல் நீங்கள்தான் இருப்பீர்கள். நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை ஏற்றினால், ஓட்டுகிறவரோடு சேர்த்துப் பிணைக்கும் வார் வேண்டும், பிள்ளைக்கு அளவான ஹெல்மெட் வேண்டும், 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இது 2023 பிப்ரவரி முதல் விதியாகவே இருக்கிறது. பெட்ரோல் டேங்கின் மேல் பிள்ளையை உட்கார வைத்து ஞாயிறு திருப்பலிக்கு வருகிறவர்களைப் பார்த்து நாங்கள் இத்தனை ஆண்டுகள் சிரித்துக் கைகாட்டியிருக்கிறோம். இனிக் கைகாட்டமாட்டோம், நிறுத்திப் பேசுவோம். வருத்தப்படாதீர்கள்.

அந்தக் குழந்தை இப்போது நடக்கத் தொடங்கிவிட்டது. புருவத்துக்கு மேலே ஒரு மெல்லிய கோடு மட்டும் இருக்கிறது. சென்ற மாதம் அந்தத் தகப்பன் எங்களிடம் வந்து ஒன்று கேட்டார். "சாமி, இனிமே கார் மந்திரிக்கிற அன்னைக்கு அந்த அண்ணனையும் பக்கத்துல நிறுத்தி வையுங்களேன்." நாங்கள் அதை ஏற்றுக்கொண்டோம். தீர்த்தம் தெளிப்பதற்கு முன் இருக்கையை ஆட்டிப் பார்ப்பது என்று எங்கள் பங்கில் முடிவாகியிருக்கிறது.

வருகிற ஞாயிறு, தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறு, இரண்டாம் திருப்பலி முடிந்ததும் லூர்து மாதா கெபிக்குப் பக்கத்து மைதானத்தில் அந்த அண்ணனும் உபதேசியாரும் நாங்களும் இருப்போம். சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் காரோடு வாருங்கள். கையேடு இருந்தால் எடுத்து வாருங்கள். அவசரமாக வீட்டில் சரிசெய்துவிட்டு வர வேண்டாம். இருக்கை இப்போது எப்படிக் கட்டியிருக்கிறதோ, அப்படியே கொண்டுவாருங்கள். இந்த வாரம் முழுவதும் அதில் பிள்ளையை ஏற்றிப் போகிறவர்கள் மட்டும், இன்று மாலையே ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.